தூள் பைக்கு அடுத்த அறை

என் நாத்தனார் சபோஹத்துக்கு எதற்கெடுத்தாலும் இஸிரிக் கொளுத்த வேண்டும். குழந்தை தும்மினால் கொளுத்துவாள். தும்மாவிட்டால், ஏன் இன்னும் தும்மவில்லை என்று கொளுத்துவாள். எதிர்வீட்டு துர்சுனோய் எங்கள் கோழியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் போதும், இரும்புச் சட்டியில் தணலை அள்ளிப் போட்டு, அந்தக் காய்ந்த செடியை நொறுக்கித் தூவி, மூலை மூலையாகப் புகை காட்டிக்கொண்டு வருவாள். கண்ணேறு கழியும், நோய் ஓடும் என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் என் மூக்கு என்ன பாவம் செய்தது என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். "மூக்கு நல்லா இருக்கப் போய்த்தானே கேள்வி கேக்குற" என்று பதில் வந்தது.

அப்போது நான் பிள்ளை பெற்று சில்லாவில் இருந்தேன். நாற்பது நாள் முடிகிறவரை குழந்தையை அறையைவிட்டு எடுக்கக் கூடாது, ஒரு நொடிகூடத் தனியாக விடக் கூடாது. நான் கொல்லைப்பக்கம் போவதென்றாலும் சபோஹத் வந்து குழந்தை பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருப்பேன். எங்கள் ஊர் கோகந்தில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த அறையை விட்டு வெளியே வர ஆசையும் இருக்காது.

எங்கள் வீடும் பட்டறையும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. என் கணவர் எல்யோர் தொட்டில் செய்கிறவர். அக்ரூட், முசுக்கட்டை மரங்களைக் கடைந்து, தேய்த்து, சாயமும் வார்னிஷும் பூசி, கைப்பிடியில் பூ வரைந்து கொடுப்பார். தேய்க்கிற வேலை கல்யாணமானதிலிருந்து என்னுடையது. மாவு மாதிரி தூள் பறக்கும். இமை, காதுமடல், சாப்பிடுகிற ரொட்டி எல்லாவற்றிலும் அது இருக்கும். வயிற்றில் பிள்ளை தங்கி ஐந்தாறு மாதமானபோது இருமல் பிடித்தது. மருத்துவர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இந்தத் தூளில்தான் குழந்தையையும் வளர்க்கப் போகிறீர்களா என்று எல்யோரைப் பார்த்துக் கேட்டார். மறுவாரம் அவர் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு தூள் உறிஞ்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பெரிய விசிறி ஒன்று, அதற்கு மேலே ஒரு துணிப்பை, கீழே ஒரு துணிப்பை. மேல்பை காற்றை வெளியே விடும், கீழ்ப்பை தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்தால் ஆள் உயரத்துக்கு நிற்கும். பட்டறைக்குள் வைத்தால் இடைஞ்சல் என்று, பட்டறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருந்த மரக்கிடங்கில் அதை நிறுத்தி, சுவரில் ஓட்டை போட்டுக் குழாயைப் பட்டறைக்குள் இழுத்துவிட்டார். கிடங்குக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பழைய மரக்கதவு உண்டு. அதை ஆணியடித்து மூடி, என் சீதனத்தில் வந்த பூவேலைத் துணியை அதன்மேல் தொங்கவிட்டோம். அந்தத் துணிக்கு அடியில்தான் என் மகன் இலாசரின் படுக்கை இருந்தது. அறையிலேயே வாடைக்காற்று படாத மூலை அதுதான்.

இயந்திரம் விற்றவன் சொன்ன ஒரு விஷயத்தை எல்யோர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆண்டிஜான் பக்கம் ஒரு பட்டறையில், மரத்துக்குள் மறைந்திருந்த ஆணி தேய்ப்பானில் பட்டு ஒரு பொறி கிளம்பியதாம். குழாய் அதை உறிஞ்சிக்கொண்டது. பைக்குள் போன பொறி அணையவும் இல்லை, எரியவும் இல்லை. பகல் முழுக்க உள்ளுக்குள்ளேயே கனன்றது. சாயங்காலம் பையைக் கழற்றி உதறினார்கள். பறந்த தூள் மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. கூரை போய்விட்டது. ஆட்களைப் பற்றி எல்யோர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. குளிர்காலத்தில் எங்களுக்கு அது புதிது இல்லை. எல்யோரும், அவரோடு வேலை செய்கிற கைரத்தும் தெருமுனை தேநீர்க்கடைக்குப் போனார்கள். போகும்போது எங்கள் தெருவில் எல்லாப் பட்டறைக்காரர்களும் செய்கிறதையே செய்தார்கள், சுவிட்சை அணைக்காமல் போனார்கள். கரண்ட் வந்ததும் இயந்திரம் தானாக உறுமும், அந்தச் சத்தம் தேநீர்க்கடைவரை கேட்கும், கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலைக்குக் கூப்பிட்டுவிடுகிற ஆள் எங்களுக்கு அந்த இயந்திரம்தான் என்று கைரத் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

நான் பால் கொடுத்துக் குழந்தையைக் கிடத்திவிட்டு, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் இஸிரிக் என்றே நினைத்தேன். காலையிலும் சபோஹத் சட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றியிருந்தாள். துணி, மெத்தை, என் தலைமுடி எல்லாம் அந்தக் கசப்பில் ஊறிக் கிடந்தன. கண்ணை மூடினேன். இஸிரிக் என்றால் நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும். இது குறையவில்லை. கசப்புக்கு அடியில் லேசாக ஒரு தித்திப்பு இருந்தது, அடுப்பில் பால் அடிப்பிடிக்கும்போது வருமே, அப்படி. அக்ரூட் தூளோடு இத்தனை வருஷம் புழங்கியவள் நான். கடைசலில் உளி மழுங்கி மரம் சூடேறும்போது இந்த வாடைதான் வரும். ஆனால் கடைசல் இயந்திரம் ஓடவில்லை, கரண்டே இல்லை.

"அக்கா, ஏதோ தீயிற வாசனை வருதே" என்றேன்.

சபோஹத் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உல்லன் பின்னிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "இஸிரிக்தான். நேத்தும் இதையே கேட்ட."

"இல்லக்கா. இது மரம்."

"சில்லாவுல இருக்கிறவளுக்கு எல்லாமே பயமாத்தான் இருக்கும். முந்தாநாள் கூரைமேல பூனை நடந்ததுக்கு ஜின் வந்துடுச்சுன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு விடல."

அது உண்மைதான். அந்தப் பூனை விஷயத்தை அவள் தெரு முழுக்கச் சொல்லியும் இருந்தாள். வாயை மூடிக்கொண்டு, பூவேலைத் துணியைச் சற்று விலக்கிப் பழைய கதவில் மூக்கை வைத்தேன். இடுக்கு வழியாக அந்தத் தித்திப்பு நேராக என் தொண்டைக்குள் போனது. இருமினேன்.

"அக்கா, காலையில பட்டறைக்குள்ள போனீங்களா?"

"போகாம? உன் புருஷனோட மிஷினை நேத்து துர்சுனோய் வந்து பார்த்துட்டு, ஆகா, ஓகோன்னு வாயப் பொளந்துட்டுப் போனா. அவ கண்ணு பட்டா கல்லும் கரையும். தம்பி வாசல்ல வண்டியில தொட்டில் ஏத்திக்கிட்டிருந்தான், கைரத்து காதுல அந்தச் சத்தம் தடுக்கிற மூடிய மாட்டிக்கிட்டு முதுகக் காட்டிட்டு நின்னான். நான் பாட்டுக்குப் போய் அந்தக் குழாய் வாயில சட்டியப் பிடிச்சேன்." அவள் பின்னலை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீ பார்த்திருக்கணும் பர்னோ. புகை ஒரு இழை வெளிய வரல. மடக்கு மடக்குன்னு குடிச்சிடுச்சு, அந்த மிஷினு."

தணல் உள்ள சட்டி. பக்கத்தில் நின்றால் தலைத்துணியையே இழுக்கிற குழாய். புகையை மட்டும் குடித்துவிட்டுத் தணலை விட்டுவைக்குமா அது?

பை இந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. வேலை நெருக்கடியில் மூன்று நாளாகக் காலி செய்யவில்லை, கழுத்துவரை தூள். சுவிட்சு அணைக்கப்படவில்லை. கரண்ட் எந்த நிமிஷமும் வரும். வந்தால் விசிறி சுற்றும், இத்தனை நேரத்தில் பெருகிக் கனன்றுகொண்டிருப்பதன்மேல் புயல் மாதிரி காற்றை ஊதும். என் மகன் தலையை அந்தக் கதவுப் பக்கமாக வைத்து, வாயோரம் பால் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பிள்ளையத் தூக்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தூக்கிக்கிட்டு முற்றத்துக்கு அந்தப்பக்கம் சமையல்கட்டுக்குப் போங்க. இப்பவே."

"உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? சில்லாப் பிள்ளைய, இந்தப் பனியில..."

"அந்த மிஷின் நெருப்பையும் குடிச்சிருக்கு அக்கா."

சபோஹத்தின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. கண் மட்டும் பூவேலைத் துணிப் பக்கம் போனது. நான் குழந்தையைப் போர்வையோடு சுருட்டி அவள் கையில் திணித்தேன். மடியிலிருந்த பின்னல் கீழே விழ, அவள் எழுந்து சமையல்கட்டுக்கு நடந்தாள்.

முற்றத்தில் பனி கணுக்கால்வரை கிடந்தது. பிரசவத்தில் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. ஓடினேன் என்று சொல்ல முடியாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திப் போனேன். கரண்ட் வந்துவிடாதே, வந்துவிடாதே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் வேறெந்தக் குளிர்காலத்திலும் கரண்ட் வராதே என்று நான் வேண்டியதில்லை.

பட்டறைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சீவலைப் போட்டுக் கனகனவென்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உத்தரத்தில், விளக்குக் கம்பியில், அலமாரி விளிம்பில் எல்லாம் தூள் மஞ்சளாகப் படிந்திருந்தது. தினமும் பார்த்த தூள்தான். அன்று அதைப் பார்க்கும்போது முதுகு கூசியது. மெதுவாக நட, எதையும் தட்டிவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவிட்சு தூரத்துச் சுவரில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அது ஒரு கெட்டிச் சுவிட்சு, முதல் தடவை அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். டக்கென்று இறங்கியது.

அடுத்து நான் மூச்சு விடுவதற்குள் தலைக்குமேல் விளக்கு எரிந்தது. தெருவில் ஒவ்வொரு பட்டறையாக உறுமத் தொடங்கியது. எங்கள் இயந்திரம் மட்டும் சும்மா நின்றது. நான் அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மௌனமே எல்யோரைக் கொண்டுவந்தது. மற்ற இயந்திரங்களின் சத்தம் கேட்கிறது, தன்னுடையது கேட்கவில்லை என்றதும் பழுதாகிவிட்டதோ என்று பாதிக் கோப்பையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். சில்லாவில் இருக்க வேண்டிய நான் தலைவிரிகோலமாகப் பட்டறைத் தரையில் கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை அக்காகிட்ட. பைக்குள்ள நெருப்பு."

அவர் கிடங்குக் கதவைத் திறந்தார். பின்னாலேயே கைரத்தும் வந்தான். உள்ளே மெல்லிய நீலப்புகை தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு நின்றது. கீழ்ப்பையின் ஒரு பக்கம், என் அறைக்கதவைப் பார்த்த பக்கம், ரொட்டி கருகின மாதிரி உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பழுப்பு விளிம்பு மெதுவாக அகன்றது.

கைரத் மூலையில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கினான். எல்யோர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வீசினா தூள் கிளம்பும்."

"அப்ப கழட்டித் தூக்கிட்டு ஓடுவோம்ணே."

"எந்த வழியா? பட்டறைல அடுப்பு எரியுது, வார்னிஷ் டின்னு திறந்து கிடக்கு. கழட்டும்போது ஒரு உதறல் உதறினா நாம மூணு பேரும் கூரையோட போவோம்."

அவர் குரல் தணிவாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கத்துகிற மனிதர் அவர். சாயம் கொஞ்சம் வழிந்தாலே தெருவுக்குக் கேட்கக் கத்துவார்.

"என் அறை வழியா" என்றேன். "அந்தக் கதவு வழியா. அங்கிருந்து நேரா முற்றம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் படுக்கை இருப்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. படுக்கை காலியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும் அவர் கண் கலங்கியது.

நான் அறைக்குள் போய்ப் படுக்கையை இழுத்துத் தள்ளினேன். பூவேலைத் துணியைப் பிய்த்தேன். எல்யோர் அந்தப் பக்கத்திலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்கினார், சுத்தியல் அதிர்ச்சி கூடாது என்று. ஒவ்வோர் ஆணியும் கிறீச்சிட்டு வரும்போது எனக்குப் பல் கூசியது. நான் என் மெத்தைப் போர்வைகள் எல்லாவற்றையும் முற்றத்துத் தொட்டியில் முக்கி, பனிக்கட்டி மிதக்கிற தண்ணீரோடு தூக்க முடியாமல் இழுத்து வந்தேன். கை மரத்துப்போய், அது என் கைதானா என்றே தெரியவில்லை.

மேல்பைதான் பெரிய ஆபத்து. மாவைவிட மெல்லிய தூள் அதன் துணியெல்லாம் ஒட்டிக்கிடக்கும், தொட்டால் உதிரும். கைரத் ஒரு கோப்பைத் தண்ணீரை வாயில் நிறைத்துக்கொண்டான். சட்டைக்கு இஸ்திரி போடுகிறவன் துணியில் ஊதுவதுபோல, உதட்டைக் குவித்துப் தூறலாகப் பையின்மேல் ஊதினான். மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு ஊதல். கோப்பை கோப்பையாகப் போனது. கண்ணில் நீர் வழிய, நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "இதுக்குன்னா என் பொண்டாட்டிகிட்ட கேட்டிருக்கணும், அவ திட்டும்போதே இதைவிட நல்லாத் தூறும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது அவனுக்கு.

மேல்பை நனைந்து கனத்துத் தொங்கியது. ஈரப் போர்வைகளால் கீழ்ப்பையைக் குழந்தையைச் சுற்றுவதுபோல அடியிலிருந்து சுற்றினார்கள். பழுப்பு பட்ட இடத்தில் போர்வை உஸ்ஸென்று ஆவி விட்டது. எல்யோர் கீழ்ப்பையை இயந்திரத்தோடு கட்டியிருந்த வாரை அவிழ்த்தார். பை அவர் மார்பின்மேல் சாய்ந்தது. கைரத் அடியைத் தாங்கினான். நான் கதவை அகலத் திறந்துவிட்டு அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தேன், அவர்கள் கால் தடுக்காமல் இருக்க வாயால் வழி சொல்லிக்கொண்டு.

"வாசப்படி. இன்னொரு படி. மெதுவா."

என் மகனின் படுக்கை இருந்த இடத்தைத் தாண்டும்போது போர்வையிலிருந்து ஒரு நெருப்புத் துளி உதிர்ந்து கம்பளத்தில் விழுந்தது. நான் வெறும் காலால் மிதித்தேன். சுட்டதா என்று இப்போது யோசித்தால் ஞாபகம் இல்லை.

முற்றத்தின் நடுவில், சுவர்களுக்கெல்லாம் தள்ளி, பனியில் பையைப் படுக்க வைத்தார்கள். எல்யோர் தண்ணீரை மெல்ல ஊற்ற ஊற்ற, கைரத் கத்தியால் துணியை ஒரு பக்கம் கீறித் திறந்தான். மேலே பார்த்தால் சாதாரணத் தூள், நல்ல அக்ரூட் நிறம். உள்ளே ஒரு குகை மாதிரி வெந்து, அதன் சுவர் முழுக்கச் சத்தமே இல்லாமல் சிவந்திருந்தது. இவ்வளவு நேரம் என் மகன் தலைமாட்டில் இதுதான் இருந்திருக்கிறது.

பயம் கொஞ்சம் இறங்கியதும் எல்யோருக்கு அவருடைய கத்தல் திரும்பியது. "ஆணி. பழைய முசுக்கட்டைப் பலகையில ஆணி பார்த்துத் தேயின்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன். பையக் காலி பண்ணுன்னு எத்தனை தடவை..."

"பார்த்துத்தாண்ணே தேச்சேன்."

"பார்த்த லட்சணம்தான் இங்க கிடக்குதே. என் பிள்ளைய எரிச்சிருப்ப. நாளைக்கு வேலைக்கு வராத."

கைரத் கத்தியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றான். அவன் உதடு தண்ணீரில் நீலமாகியிருந்தது. தணல் சட்டி விஷயத்தை நான் எப்படிச் சொல்வேன்? சபோஹத்துக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லித்தான் புருஷன் வீட்டில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். பச்சைக் குழந்தையை அவள் கையில் கொடுக்காதே என்று துர்சுனோய் என் காதிலேயே வந்து ஓதினவள். இது வெளியே தெரிந்தால் இந்தத் தெருவில் ஒரு குழந்தையின் முகத்தை அவள் பார்க்க முடியாது. அதே சமயம் எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும்தான் இருந்தது.

"ஆணி இல்ல" என்று பின்னால் குரல் கேட்டது.

சபோஹத் சமையல்கட்டு வாசலில் நின்றாள். காலில் செருப்புகூட இல்லை, பின்னல் காலுறை நனைந்து பனியில் ஒட்டியிருந்தது. மேலங்கியைத் திறந்து, உள்சட்டைக்குள் குழந்தையைத் தன் தோலோடு வைத்துப் பொத்தியிருந்தாள். இலாசரின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"காலையில நான்தான் குழாய்கிட்ட தணல் சட்டியப் பிடிச்சேன். அவனை ஏசாத."

எல்யோர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள். மேலங்கிக்குள்ளிருந்து குழந்தையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"வச்சுக்க. சூடாத்தான் இருக்கான். இனிமே நான் தொட மாட்டேன்."

அவள் திரும்பி நடந்தாள். குழந்தை குளிர் பட்டு வீரிட்டது. என் கை இன்னும் ஐஸாக இருந்தது, விரல்கள் என் பேச்சைக் கேட்காமல் வெடவெடவென்று ஆடின. அவன் என் பிடியிலிருந்து நழுவுவது எனக்கே தெரிந்தது.

"அக்கா, நில்லுங்க. பிள்ளையப் பிடிங்க."

அவள் நின்றாள். கையை நீட்டவில்லை.

"என் கை நடுங்குது, கீழ போட்டுருவேன். பிடிங்கன்னு சொல்றேன்ல."

சபோஹத் என் கையைப் பார்த்தாள். பிறகு மேலங்கியை மறுபடி திறந்தாள்.